கண்புரை அறுவையில் லென்ஸ் இன்ஜெக்டர்: எதைத் தேர்வது, எப்படிச் சோதிப்பது

கண்புரை அறுவை செய்யும் குழுக்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே வடிவில் வரும் கேள்வி இது. செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் செலுத்தும் கருவிதான் இன்ஜெக்டர். அரங்கில் பல ஆண்டுகளாக டைட்டானியம் இன்ஜெக்டரில், லென்ஸை மடித்து வைக்கும் நுனிக்குழாயான கார்ட்ரிட்ஜைப் பொருத்தி லென்ஸ் வைத்துப் பழகியிருக்கிறார்கள். இப்போது, ஆலையிலேயே லென்ஸ் ஏற்றி வரும் இன்ஜெக்டரை ஒருவர் கொண்டுவந்து காட்டுகிறார். வாயு விசையில் இயங்குவதை இன்னொருவர் காட்டுகிறார். ஆளுக்குப் பதினைந்து மாதிரிகள் கொடுத்து, பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள் என்கிறார்கள். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதினைந்தும் சிக்கலின்றி உள்ளே போய்விட்டால் கருவி நல்லது என்று எழுதிக்கொடுத்துவிடத் தோன்றும். என் கருத்தில் அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை. நடுத்தரப் பவர் கொண்ட லென்ஸைப் பழகிய கையில் கொடுத்தால், முறையான அனுமதி பெற்ற இன்ஜெக்டர் எதுவாயினும் அதை நல்லபடியாகவே கண்ணுக்குள் சேர்த்துவிடும். கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது அவை தவறும் விதத்தில்தான்: எந்த லென்ஸில், எந்தக் குளிரில், யாருடைய கையில் தவறுகின்றன, தவறும்போது இழப்பு லென்ஸோடு நிற்கிறதா அல்லது கண்ணையும் தொடுகிறதா என்பதில். ஆகவே இந்த ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்கிறது.

ஒரு வரம்பையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 6 மி.மீ. அளவுக்குக் கீறி, மடியாத பிஎம்எம்ஏ என்னும் கெட்டி பிளாஸ்டிக் லென்ஸை ஃபோர்செப்ஸால், அதாவது இடுக்கியால், வைக்கும் முறையைப் பின்பற்றுவோருக்கு இன்ஜெக்டர் தேவையே இல்லை. ஹரால்ட் ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தியபோது அது விறைப்பான லென்ஸ்தான். 1980களில் மடியும் லென்ஸ்கள் வந்து, புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து அகற்றும் முறையின் சிறு கீறலுக்குள்ளேயே லென்ஸும் நுழையலாம் என்ற நிலை உருவான பிறகே, லென்ஸைச் செலுத்துவதற்கென்று தனிக் கருவி தேவைப்பட்டது. இந்தக் கட்டுரை அந்த மடியும் லென்ஸ்களைப் பற்றியது.

## முதலில் அளவுகோல்கள்

ஏறத்தாழ 6 மி.மீ. விட்டமுள்ள ஆப்டிக்கும் (ஒளியைக் குவிக்கும் நடுப்பகுதி), ஹாப்டிக்குகளையும் (லென்ஸை இடத்தில் தாங்கும் கைகள்) சேர்த்தால் 13 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு பொருள், 2.2 முதல் 2.8 மி.மீ. வரையான கீறலுக்குள் சுருண்டு நுழைந்து, இயற்கை லென்ஸை மூடியிருந்த பையின் பின்சுவரான, சில மைக்ரான்களே தடிமனுள்ள பின் கேப்சூலைக் கிழிக்காமல் விரிய வேண்டும். இந்த வேலையில் எவையெல்லாம் கெடலாமோ அவையே நம் அளவுகோல்கள்.

லென்ஸ் பழுதின்றி வந்து சேர்வது. லென்ஸைத் தள்ளும் தண்டான பிளஞ்சரின் நுனி ஆப்டிக்கின் மேலே ஏறிவிடலாம். பின் ஹாப்டிக் பிளஞ்சருக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே சிக்கி முறியலாம். ஆப்டிக்கில் சிராய்ப்போ வெடிப்போ விழலாம். ஹாப்டிக் ஆப்டிக்கோடு ஒட்டிக்கொண்டு விரிய மறுக்கலாம். லென்ஸ் கவிழ்ந்து விரியலாம். இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் உராய்வும் குளிரும் இருக்கின்றன. நுனிக்குழாயின் உட்சுவரில் வழுக்கும் பூச்சு இருக்கும். அதனோடு விஸ்கோ என்னும் பிசுபிசுப்பான பாதுகாப்புக் கூழ் போதிய அளவு சேர்ந்தால்தான் லென்ஸ் வழுக்கிச் செல்லும். ஹைட்ரோஃபோபிக் (நீரை ஏற்காத) அக்ரிலிக் லென்ஸ் குளிர்ந்த அரங்கில் விறைத்துக்கொள்ளும். மடித்த லென்ஸைக் குழாய்க்குள் நெடுநேரம் வைத்திருந்தாலும் ஒட்டும். பவர் கூடக் கூட லென்ஸின் நடுப்பகுதி தடிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 20 டயாப்டரில் இதமாக நழுவிச் செல்லும் அதே குழாய் 30 டயாப்டரில் முரண்டு பிடிக்கலாம்.

கீறல். லென்ஸ் நுழையும்போது கீறல் விரிகிறது. பயன்பாட்டுக்குப் பின் கீறல் அளவியால் அளந்தால், தொடக்க அளவைவிட மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடியிருப்பதைக் காணலாம். விரிவதைவிடக் கிழிவது மோசம்: கிழிந்த கீறல் தானே மூடிக்கொள்ளாது, அந்த இடத்தில் கார்னியாவின் உட்பக்கத்து மெல்லிய டெஸ்மெட் சவ்வு உரிந்து தொங்கலாம். நுனியை, கார்னியாவுக்கும் கருவிழித்திரைக்கும் இடையிலுள்ள முன்னறைக்குள் முழுதாக நுழைத்துச் செலுத்துவதா, கீறலின் வாயில் மட்டும் அணைத்துப் பிடித்துச் செலுத்துவதா என்பதும் இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. வெவ்வேறு இன்ஜெக்டர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே முறையில் செய்யாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

வெளியேறும் வேகம். தடை கூடிக்கொண்டே வந்து சட்டென்று நீங்கும்போது லென்ஸ் பாய்ந்து வெளியேறுகிறது. பின் கேப்சூல் கிழிவதற்கு அந்த ஒரு கணம் போதும்.

ஏற்றுபவரின் கை. மருத்துவர் கண்ணுக்குள் வேலையாக இருக்கும்போது லென்ஸை ஏற்றித் தருபவர் பெரும்பாலும் செவிலியரோ தொழில்நுட்பவியலாளரோதான். செலுத்தும்போது தெரியவரும் கோளாறுகளில் பல ஏற்றும்போதே உருவானவை.

துப்புரவு. இதை அரங்குக்கு வெளியே உள்ள அறையின் வேலை என்று பலரும் தள்ளிவைக்கிறார்கள். அது ஏன் தவறு என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

கட்டுப்பாடும் செலவும். ஒரு இன்ஜெக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த லென்ஸ்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், எவற்றை இழக்கிறோம், விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள் யாவை என்பதைப் பார்க்க வேண்டும்.

## மீண்டும் பயன்படுத்தும் உலோக இன்ஜெக்டரும் கார்ட்ரிட்ஜும்

டைட்டானியத்தாலான கைப்பிடி பல நூறு அறுவைகளுக்கு உழைக்கும். லென்ஸ் மடிந்து செல்லும் கார்ட்ரிட்ஜ் மட்டும் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு உரியது. இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை, லென்ஸைக் கண்ணால் பார்த்து ஏற்ற முடிகிறது என்பது. பெட்டியிலிருந்து எடுத்த லென்ஸை நுண்ணோக்கியின் கீழ் பரிசோதிக்கலாம். ஹாப்டிக் எங்கே மடிகிறது என்று பார்த்துத் திருத்தலாம். ஏற்றியது பிடிக்கவில்லையென்றால், லென்ஸ் பழுதாகாதவரை, வெளியே எடுத்து வேறு கார்ட்ரிட்ஜில் மறுபடி ஏற்றலாம். சிதறல் பார்வையைத் திருத்தும் டோரிக், மூன்று குவியங்கள் கொண்ட லென்ஸ், மிக உயர்ந்த பவர், கேப்சூல் பைக்கு முன்னால் வைக்கப்படும் மூன்று துண்டு லென்ஸ் (ஆப்டிக்கும் இரு ஹாப்டிக்குகளும் தனித்தனியாகச் செய்யப்பட்டது) என்று எல்லா வகைக்கும் பொருத்தமான கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

திருகு வகையில் லென்ஸ் மெல்ல, சீராக வெளிவருகிறது. திருகுவதற்கு இரண்டு கைகளும் வேண்டும் என்பதால், மற்றொரு கருவியால் கண்ணைப் பிடித்து நிறுத்த வழியில்லை. தள்ளு வகையில் ஒரு கை விடுபடுகிறது. தடை திடீரென்று நீங்குவதை அந்த ஒரே கட்டைவிரல் உணர்ந்து அடக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஆழ்ந்து பழகியவர்களைக் கேட்டால் தாங்கள் பழகியதையே உயர்வாகச் சொல்வார்கள், அதில் பிழையுமில்லை.

இனி துப்புரவு. விஸ்கோ வேகமாகக் காய்ந்துபோகும் பொருள். கைப்பிடியின் திருகுப் பள்ளங்களிலும் உட்குழாயிலும் அது காய்ந்து ஒட்டினால், பிறகு எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. கழுவப் பயன்படுத்திய சோப்புக் கரைசலின் எச்சமும் அதே பள்ளங்களில் தங்கும். இவை அடுத்த நோயாளியின் கண்ணுக்குள் போனால் நச்சு முன்னறை அழற்சி ஏற்படக்கூடும். ஆங்கிலச் சுருக்கத்தில் டாஸ் என்று அறியப்படும் இந்த அழற்சி பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் கார்னியாவின் ஓரம் முதல் ஓரம் வரை வீக்கமாகத் தலைகாட்டும். இது கிருமியால் வருவதல்ல. ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்கிறது. இறந்த கிருமியின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சினை வழக்கமான ஆட்டோகிளேவ் சுழற்சி செயலிழக்கச் செய்வதில்லை, சோப்பு எச்சத்தையும் அகற்றுவதில்லை. அல்ட்ராசோனிக் தொட்டியின் நீரை நாள் முழுவதும் மாற்றாமல் வைத்திருப்பது எண்டோடாக்சின் சேர்வதற்குத் தெரிந்த ஒரு வழி. எனவே உலோக இன்ஜெக்டரின் உண்மையான செலவு கைப்பிடியின் விலையில் அடங்கியிருக்கவில்லை. ஒவ்வொரு அறுவைக்கும் இடையே அதைப் பயன்படுத்திய உடனே துடைத்து, சுத்திகரிக்கப்பட்ட நீரை உட்குழாய் வழியே பாய்ச்சி, முறையான சுழற்சியில் வைத்தெடுக்கும் மனித நேரத்திலும், அந்தச் சுழற்சிக்கு ஈடுகொடுக்கத் தேவைப்படும் கூடுதல் கைப்பிடிகளின் எண்ணிக்கையிலும் அது இருக்கிறது.

ஒருமுறைக்கு உரிய கார்ட்ரிட்ஜை மறுபடி பயன்படுத்திச் செலவைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். உட்பூச்சு முதல் பயன்பாட்டிலேயே தேய்கிறது, நுனி விரிகிறது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுகிறது. உரிந்த பூச்சு லென்ஸின் மேல் படலமாகப் படியவும் கூடும்.

## லென்ஸ் ஏற்றியே வரும் இன்ஜெக்டர்

அரங்கில் ப்ரீலோடட் என்று சொல்லப்படும் இந்த வகையில், லென்ஸும் இன்ஜெக்டரும் ஒரே கிருமி நீக்கிய உறைக்குள் ஒன்றாக வருகின்றன. பலரும் நினைப்பதுபோல லென்ஸ் அதற்குள் மடிந்த நிலையில் காத்திருப்பதில்லை. விரிந்த நிலையிலேயே ஓர் அறையில் இருக்கும், விஸ்கோ செலுத்திப் பிளஞ்சரை முன்தள்ளும்போதுதான் மடிகிறது. எனவே ஏற்றும் பிழை முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று கொள்ள முடியாது. லென்ஸை ஃபோர்செப்ஸால் தொடும் கட்டம் மட்டுமே ஒழிந்திருக்கிறது; விஸ்கோ அளவு, முன்தள்ளும் வேகம், இடையே காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் இன்னும் மனிதர் கையில்தான் இருக்கின்றன. நீர்ச்சத்து அதிகமுள்ள ஹைட்ரோஃபிலிக் லென்ஸ்கள் ஈரத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், அவற்றில் அரைகுறையாக ஏற்றிய வடிவங்களையும் காணலாம். அங்கே கடைசி ஓரிரு படிகளை அரங்கில் செய்ய வேண்டியிருக்கும்.

அப்படியிருந்தும் இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லென்ஸ் வெளிப்புறப் பொருள் எதையும் தொடுவதில்லை, இமை மயிரையும் கையுறைத் தூளையும் இழுத்துக்கொண்டு போவதில்லை. கழுவும் வேலையே இல்லை. முந்தைய நோயாளியின் எச்சம் இந்தக் கருவி வழியே அடுத்தவர் கண்ணுக்குப் போகும் வாய்ப்பும் இல்லை. ஏற்றும் நேரம் குறைகிறது. அதைவிட முக்கியமாக, ஏற்றும் நேரம் ஆளுக்கு ஆள் மாறுவது குறைகிறது. பணியாளர்கள் அடிக்கடி மாறும் அரங்குகளில் இந்தக் கடைசி நன்மை ஒன்றே முடிவைத் தீர்மானிக்கப் போதுமானது.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு திசையிலிருந்து வருகின்றன. முதலாவது, இன்ஜெக்டரும் லென்ஸும் ஒரே தலைவிதிக்கு உட்பட்டவை: பிளஞ்சர் பாதியில் சிக்கினால் லென்ஸையும் தூக்கி எறிய வேண்டியதுதான். அதனால் அதே பவரில் இரண்டாவது லென்ஸ் அறுவை தொடங்குமுன்பே மேசைக்கருகில் இருந்தாக வேண்டும், கையிருப்பு இரட்டிப்பாகிறது. இரண்டாவது, உறை பெரியது. ஒவ்வொரு பவருக்கும் ஒரு பெட்டி என்று அடுக்கினால் அலமாரி நிறைந்துவிடுகிறது, காலாவதித் தேதிகளைக் கவனிக்கும் வேலையும் கூடுகிறது. மூன்றாவது, ஒவ்வொரு அறுவைக்கும் ஒரு முழு பிளாஸ்டிக் கருவி குப்பைக்குப் போகிறது. நான்காவதையே நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன்: இன்ஜெக்டர் பிடித்திருந்ததால் லென்ஸை வாங்கும் நிலை வந்துவிடுகிறது. நோயாளியின் கண்ணில் வாழ்நாள் முழுவதும் இருக்கப்போவது லென்ஸ். சில விநாடிகள் மட்டும் தொடும் கருவியின் வசதிக்காக அதைத் தேர்ந்தெடுப்பது தலைகீழான முறை. நீங்கள் லென்ஸுக்காகவே தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய லென்ஸ் அந்த இன்ஜெக்டரில் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கருவியின் ஒப்பீட்டை அங்கேயே நிறுத்திவிடலாம்.

டோரிக்கோ மிக உயர்ந்த அல்லது மிகத் தாழ்ந்த பவரோ அந்த வடிவில் கிடைக்காத நிலையில், அரங்கில் இரண்டு முறைகளையும் பராமரிக்க வேண்டிவரும். மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் கையால் ஏற்றும் பணியாளர், அந்தத் திறனை மெல்ல இழந்துவிடுகிறார். மிகச் சிக்கலான கண்களுக்குத்தான் பழைய முறை தேவைப்படும் என்பதால், திறன் தேய்ந்திருப்பது மிக வேண்டாத வேளையில் வெளிப்படுகிறது.

## வாயு விசையில் இயங்கும் இன்ஜெக்டர்

இதில் லென்ஸைத் தள்ளும் விசை, கைப்பிடிக்குள் அடைக்கப்பட்ட சிறிய கரியமில வாயுக் குப்பியிலிருந்து வருகிறது. நெம்புகோலை அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேகம் மாறும். 2017இல் அறிமுகமான ஆல்கான் நிறுவனத்தின் ஆட்டோனோமி இந்த வகைக்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஒரு கையே போதும், திருகவும் வேண்டாம், கட்டைவிரலால் பலத்தைச் செலுத்தவும் வேண்டாம். கை நடுக்கமோ விரல் மூட்டுவலியோ உள்ளவர்களுக்கும், ஒரே நாளில் நிறைய அறுவை செய்பவர்களுக்கும் இதன் அருமை உடனே புரியும்.

ஆனால் விரலுக்கு வந்துகொண்டிருந்த ஒரு செய்தி இங்கே நின்றுபோகிறது. கையால் தள்ளும்போது தடை கூடுவதை விரல் முன்கூட்டியே சொல்லிவிடும். ஹாப்டிக் சிக்கியிருப்பதை அனுபவமுள்ள விரல் கண்ணுக்கு முன்பே அறியும். வாயு தள்ளும்போது தடையைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்: லென்ஸ் நகரவில்லை என்பது தெரிந்தவுடன் நெம்புகோலை விடும் பழக்கம் ஊற வேண்டும். ஏற்றியே வரும் இன்ஜெக்டருக்குச் சொன்ன இருப்பு, குப்பை, லென்ஸ் கட்டுப்பாடு ஆகியவை எல்லாம் இதற்கும் பொருந்தும். விசையமைப்பு கூடுதலாக இருப்பதால் தவறக்கூடிய உறுப்பும் ஒன்று கூடுகிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உலோகக் கைப்பிடி, கார்ட்ரிட்ஜ் | லென்ஸ் ஏற்றியே வருவது | வாயு விசை |
|---|---|---|---|
| பிழை பெரும்பாலும் தோன்றும் இடம் | ஏற்றும் கை, கழுவும் அறை | விஸ்கோ அளவு, காத்திருக்கும் நேரம் | அதேதான். கூடவே தடை விரலுக்குத் தெரியாமை |
| கோளாறு நேர்ந்தால் | மறுபடி ஏற்ற வாய்ப்புண்டு | லென்ஸும் சேர்ந்து வீண் | லென்ஸும் சேர்ந்து வீண் |
| தேவைப்படும் கைகள் | திருகில் இரண்டு, தள்ளுவதில் ஒன்று | வடிவத்தைப் பொறுத்தது | ஒன்று |
| கழுவுதல் | ஒவ்வொரு முறையும் | இல்லை | இல்லை |
| லென்ஸ் தேர்வு | பரந்தது | அந்த வரிசைக்குள் மட்டும் | மிகக் குறுகியது |
| மறைந்த செலவு | ஆள் நேரம், கூடுதல் கைப்பிடிகள் | இரட்டைக் கையிருப்பு, இடம், குப்பை | அவையும், பழகும் காலமும் |

## பதினைந்து மாதிரிகளால் எதைச் சோதிக்கலாம்

புள்ளியியலில் மூன்றின் விதி என்று ஒரு எளிய கணக்கு உண்டு. நீங்கள் பார்த்த எண்ணிக்கையில் ஒரு கோளாறுகூட நேரவில்லையென்றால், உண்மையான கோளாறு விகிதம் மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் அளவுவரை இருக்கலாம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 30 அறுவைகளில் பூஜ்யம் என்றால், விகிதம் 10 சதவீதம் வரை இருக்கலாம். 300இல் பூஜ்யம் என்றால் 1 சதவீதம் வரை. பதினைந்தில் பூஜ்யம் என்றால் ஏறத்தாழ 20 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது ஐந்து கண்களில் ஒன்றில் தவறக்கூடிய கருவியையும் அந்தச் சோதனை உறுதியாக விலக்கவில்லை. இரண்டு கருவிகளில் ஒன்று 3 சதவீதமும் மற்றது 1 சதவீதமும் தவறுகின்றன என்று வைத்துக்கொண்டால், அந்த வேறுபாட்டை நம்பத்தக்க வகையில் கண்டுபிடிக்க ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 770 கண்கள் வேண்டும். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலோ அதற்கும் கீழாகவோ நேரும் கண்ணுள் தொற்றைப் பற்றி ஒரு தனி அரங்கின் சோதனை எதுவுமே சொல்ல முடியாது.

ஆகவே அரிய விபத்துகளுக்கான சான்றை உற்பத்தியாளரிடமும் பெரிய ஆய்வுகளிடமும்தான் கேட்க வேண்டும். செயற்கை லென்ஸ்களுக்கான ஐஎஸ்ஓ 11979 என்ற பன்னாட்டுத் தரநிலைத் தொடரின் மூன்றாம் பகுதி, அறுவையின்போது கையாள்வதைப் போலவே லென்ஸை மடித்துச் செலுத்தியபின் அதன் பண்புகள் மீள்கின்றனவா என்று பார்க்கும் முறையைச் சொல்கிறது. அந்தச் சோதனையை எந்தப் பவர்களில் செய்தீர்கள், மிகத் தடித்த லென்ஸ் அதில் இருந்ததா, எந்த வெப்பநிலையில், எந்த விஸ்கோவோடு, மடித்தபின் எத்தனை நிமிடம் காத்திருந்து என்று கேளுங்கள். பதில் சொல்லும் நிறுவனத்தையும் பொதுவாகப் பேசி நகரும் நிறுவனத்தையும் அந்த ஒரு கேள்வியிலேயே பிரித்தறிந்துவிடலாம்.

உங்களிடம் உள்ள பதினைந்தை, நோயாளியின் கண்ணுக்கு வெளியே செலவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஐந்தாறை மேசையில் வையுங்கள்: கிடைக்கும் மிக உயர்ந்த பவரில், அரங்கின் மிகக் குளிர்ந்த வெப்பநிலையில், கருவியோடு வரும் பயன்பாட்டுக் குறிப்பேடு அனுமதிக்கும் அதிகபட்ச நேரம் காத்திருந்து, நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் விஸ்கோவோடு செலுத்தி, லென்ஸையும் நுனியையும் நுண்ணோக்கியில் பாருங்கள். நுனி பிளந்திருக்கிறதா, ஆப்டிக்கில் கோடு விழுந்திருக்கிறதா, ஹாப்டிக் முன்னைய வடிவுக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதுங்கள். இன்னும் ஐந்தாறைப் பயிற்சிக் கண்களில் பயன்படுத்துங்கள். பன்றிக் கண்ணின் கார்னியா மனிதருடையதைவிடத் தடித்தது, கேப்சூல் கூடுதல் நெகிழ்ச்சி கொண்டது. எனவே கீறல் விரிவையோ கேப்சூல் கிழிவையோ அதில் அளந்து முடிவுக்கு வர முடியாது. கை அசைவைப் பழகவும், லென்ஸ் விரியும் வேகத்தைப் பார்க்கவும் அது போதும். தானமாகப் பெற்ற மனிதக் கண்ணை நடுவட்டத்தில் வெட்டிக் கண்ணாடித் தகட்டில் பொருத்திப் பின்னாலிருந்து நோக்கும் மியாகே–ஆப்பிள் முறை கைகூடும் நிலையங்களில், பையின் மீது லென்ஸ் எப்படி அழுத்துகிறது என்பதை நேரடியாகக் காணலாம்.

மீதமுள்ளவற்றை, குழுவில் மிகப் புதியவரிடம் குறிப்பேட்டோடு மட்டும் கொடுத்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஏற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் படியைத் தவறவிடுகிறார், எந்தப் பாகத்தைத் தவறான பக்கமாகத் திருப்புகிறார் என்பதெல்லாம், அனுபவமிக்க மருத்துவர் ஐம்பது முறை பயன்படுத்தினாலும் தெரியவராத தகவல். குறைகூறாமல் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவர் செய்யும் பிழை கருவியின் வடிவமைப்பைப் பற்றிய சாட்சியம்.

இவை முடிந்த பிறகே நோயாளிகளிடம் வரலாம். இங்கே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். ஒழுங்குமுறை அனுமதி இன்னும் கிடைக்காத கருவி என்றால், அதை மாதிரியாக வாங்கிப் பயன்படுத்திப் பார்ப்பதற்கு இடமே இல்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், எழுத்துவழிச் சம்மதம், ஐஎஸ்ஓ 14155 சொல்லும் ஒழுங்கில் நடக்கும் முறையான மருத்துவ ஆய்வு ஆகியவற்றின் வழியாக மட்டுமே அது கண்ணைத் தொடலாம். அனுமதி பெற்ற கருவியை முதன்முறையாக உங்கள் அரங்கில் பயன்படுத்தும்போதும், இது எங்களுக்குப் புதியது என்று நோயாளியிடம் சொல்லும் கடமை இருக்கிறது.

ஒவ்வொரு மருத்துவரின் முதல் பத்து அறுவைகளைத் தனியே வைத்துவிடுங்கள். அவை கற்கும் காலத்தைக் காட்டும், கருவியைக் காட்டா. அதன்பின் எளிய கண்களாகப் பொறுக்காமல், தகுதியுள்ளவர்கள் வரும் வரிசையிலேயே சேருங்கள். பழைய கருவியா புதியதா என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலால் தீர்மானியுங்கள். உறையைத் திறந்த ஒவ்வொரு கருவியையும் கணக்கில் எடுங்கள்: கண்ணைத் தொடுமுன்பே சரியில்லை என்று ஒதுக்கியதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் இத்தகைய சோதனைகளில் நான் காணும் மிகப் பொதுவான பிழை, ஏற்றும் கோளாறு முழுவதும் அந்த ஒதுக்கலுக்குள் மறைந்துவிடுகிறது.

சிறிய எண்ணிக்கையிலும் பேசக்கூடிய அளவீடுகள் உள்ளன. செலுத்துமுன்னும் பின்னும் கீறலின் அளவு, உறை திறந்ததிலிருந்து லென்ஸ் விரியும்வரையான நேரம், லென்ஸைச் சரிப்படுத்த மற்றொரு கருவியால் எத்தனை முறை தொட வேண்டியிருந்தது, கீறலை மூட அதன் ஓரங்களில் நீரேற்றமோ தையலோ தேவைப்பட்டதா என்பவை அவை. காணொளியைப் பதிந்து, அறுவை செய்யாத ஒருவரைக் கொண்டு மதிப்பிடச் செய்யலாம். மறுநாள் கீறல் கசிவு, கண் அழுத்தம், அழற்சி ஆகியவற்றைப் பதியுங்கள். கார்னியாவின் உட்படலத்திலுள்ள எண்டோதீலியல் செல் எண்ணிக்கையை மட்டும் இன்ஜெக்டரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்; அந்த இழப்பில் புரையின் கடினமும் அல்ட்ராசவுண்ட் ஆற்றலும் செலுத்தும் கருவியைவிட மிகப் பெரிய பங்கு வகிக்கின்றன.

எந்த நிலையில் சோதனையை நிறுத்துவோம் என்பதைத் தொடங்குமுன்பே எழுதிவைக்க வேண்டும். கேப்சூல் கிழிந்து அதற்குக் கருவியே காரணம் என்று தெரிந்தால் உடனே நிறுத்துவது என்பது என் பரிந்துரை. பழுதான கருவியைக் குப்பையில் போடாமல், தொகுதி எண்ணோடு எடுத்துவைத்துப் படம்பிடித்து, உற்பத்தியாளருக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் தெரிவியுங்கள். உங்கள் அரங்கில் ஒன்றாகத் தெரிவது பல அரங்குகளின் கணக்கைச் சேர்த்தால் ஒரு தொகுதியின் குறையாக வெளிப்படலாம்.

## எங்கே எது

உங்கள் அரங்கின் பலவீனம் எங்கே இருக்கிறதோ அதை மூடும் கருவியே உங்களுக்குரியது. பணியாளர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், கழுவும் அறையின் மீது முழு நம்பிக்கை இல்லை, பெரும்பாலும் ஒரே வகை ஒற்றைக் குவிய லென்ஸையே வைக்கிறீர்கள் என்றால், ஏற்றியே வரும் இன்ஜெக்டருக்கு மாறுவதில் தயங்க வேண்டியதில்லை. ஒருமுறையாவது டாஸ் கொத்தாக வந்த அரங்குக்கு இதை இன்னும் அழுத்தமாகச் சொல்வேன், ஆனால் மற்ற கருவிகளின் துப்புரவையும் திருத்தாமல் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் காரணம் அப்படியே இருக்கும்.

நீண்ட காலம் ஒன்றாக வேலை செய்யும் குழு, ஒழுங்காக நடக்கும் கிருமி நீக்கப் பிரிவு, நோயாளிக்கு நோயாளி மாறும் லென்ஸ் வகைகள், இறுக்கமான நிதி ஆகியவை உள்ள இடத்தில் உலோக இன்ஜெக்டரை விட்டு விலகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. புதியது என்பதற்காக, நன்றாக நடக்கும் ஒரு முறையைக் கலைக்க வேண்டாம். பயிற்சி மருத்துவர்கள் இருக்கும் இடங்களில் மெல்ல வெளிவரும் திருகு வகை பொறுமையான ஆசிரியராக இருக்கும்.

வாயு விசைக் கருவியை, அந்த லென்ஸையே முதன்மையாக வைக்கும், நாளொன்றுக்கு நிறைய அறுவை செய்யும், தாங்களே விரும்பிக் கேட்கும் மருத்துவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்பேன். நிர்வாகம் எல்லாருக்கும் பொதுவாகத் திணிக்கும் தேர்வாக அது இருக்கக்கூடாது.

எதற்கு மாறினாலும், ஓர் உலோகக் கைப்பிடியும் அதற்குரிய கார்ட்ரிட்ஜும், மடித்து வைக்கும் ஃபோர்செப்ஸும், மூன்று துண்டு லென்ஸ் ஒன்றும் அரங்கில் எப்போதும் கிருமி நீக்கித் தயாராக இருக்கட்டும். பின் கேப்சூல் கிழிந்து, லென்ஸைப் பைக்கு முன்னால் வைக்க வேண்டிய வேளையில், பைக்குள் வைப்பதற்கென்று ஒற்றைத் துண்டு லென்ஸை ஏற்றி வந்த கருவியால் உதவ முடியாது. அந்தத் தட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து, அப்போது பணியில் இருக்கும் செவிலியர் ஒருவர் காலாவதியான லென்ஸை வைத்துத் தம் கையால் ஏற்றிப் பார்க்கும் நாளைப் பணி அட்டவணையிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.